பசைக் கம்பளம் குறித்தும் வலக்கை குறித்தும் வரைநாட்டு மன்னருக்கு விடுத்த மறுவோலை

நலம் பெருகுக. மூன்று புறமும் கடல் காவல் நிற்கும் தாழைநாட்டின் தலைநகராம் சங்குதுறையிலிருந்து, உப்பும் முத்தும் ஒருங்கே விளையும் கரைக்கு உரியவரும், தாம் சொன்ன சொல்லை அலை வந்து அழிக்க விடாதவருமாகிய கோ நெடுவெயினர் திருவாய்மொழிந்தருள, அவர்தம் பெருந்தர அமைச்சன் மருதங்கிழான் சேந்தன் விடுக்கும் ஓலை. ஏழு மலைக்கும் இறைவர், எழுபதினாயிரம் ஆட்டுக்கு உடையவர், வரைநாட்டு மன்னர் விறல்பூண்டார் திருமுன் வைத்துக் காண்க. நும் குடி வாழ்க. நும் மலைகளில் மழை பொழிக. நும் மந்தைகளில் மயிர் அடர்க. நும் நெசவுச்சாலைகளில் பசை குறைக.

ஆனித் திங்கள் பதினொன்றாம் நாள் நும் ஓலை எம் அவையில் படிக்கப்பட்டது. எம் விரிப்புச்சாலைக் கண்காணி காரி நங்கை என்பாள் நும் கம்பளத்தைப் பாய்களோடு வைத்து விலை பேசினாள் என்றும், பின்னர் அதன்மேல் நீரை ஊற்றிக் கெடுத்தாள் என்றும், அக்குற்றத்துக்கு ஈடாக அவள் வலக்கையை மணிக்கட்டோடு அரிந்து, உப்பில் பொதிந்து, முழுநிலாவுக்கு முன் நும்மிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். தவறினால் நெடுங்கணவாயை அடைத்து, இரண்டாயிரம் வேலோடு இறங்கி வருவோம் என்றும் கண்டிருந்தது. நும் தூதுவர் பாழி ஆதன் ஆள்வழி நுமக்குச் சொல்லி விடுத்த விதம் வேறு, இங்கே நடந்த விதம் வேறு. ஆதலால் நடந்ததை முதலிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. ஓலை நீளுமாயின் பொறுத்தருள்க. நும் கம்பளத்தைக் காட்டிலும் இது நெடுநாள் உழைக்கும்.

காரி நங்கை இருபத்திரண்டு ஆண்டுகளாக எம் அரண்மனையின் தரைகளுக்குப் பொறுப்பானவள். எந்த மண்டபத்தில் எதை விரிப்பது, எதை வாங்குவது, எதை வாயிற்படியிலிருந்தே திருப்பி அனுப்புவது என்பதெல்லாம் அவள் சொல்லில் நடக்கும். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு: எந்த விரிப்பையும் முதலில் புரட்டிப் போடுவாள். முன்பக்கம் விற்பவனுடையது, பின்பக்கம் நெய்தவனுடையது என்பாள். வலக்கைச் சுட்டுவிரலால் பின்பக்கத்து முடிச்சுகளை வருடிக்கொண்டே போய், ஒரு சாணுக்கு இத்தனை என்று சொல்வாள். பிறகு எண்ணிப் பார்த்தவர் எவரும் அவளிடம் தோற்காமல் போனதில்லை. மதிப்போலையை எழுத்தரிடம் சொல்லி எழுதுவிக்கவும் மாட்டாள். தன் விலை தன் எழுத்திலேயே போக வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அக்கையைத்தான் நீவிர் கேட்டீர்.

இரு நாட்டுக்கும் உள்ள உடன்படிக்கை நும் நினைவில் இருக்கும். இல்லையெனில் நினைவூட்டுவது எம் கடமை. குமிழித்துறை அளத்து உப்பை மூன்று ஆண்டுக்கு நாங்கள் மலைக்கு ஏற்றி விடுவது, அதற்கு ஈடாக ஆயிரத்து இருநூறு பொன் பெறுமான, கையால் முடிச்சிட்ட ஆட்டுமயிர்க் கம்பளம் ஒன்றை நீவிர் எம் அரியணை மண்டபத்துக்கு நெய்து தருவது. இருபத்து நான்கு முழ நீளம், பதினாறு முழ அகலம். முதலாண்டு உப்பு ஒரு மூட்டை குறையாமல் மலையேறிவிட்டது. அந்த உப்பைத்தான் இந்நேரம் உண்டுகொண்டிருக்கிறீர்.

சித்திரைக் கடைசியில் கம்பளம் வந்தது. எட்டு எருதுகள் பூட்டிய வண்டி, முன்னே கொம்பு, பின்னே குடை. அரக்குச் சிவப்பில் மான்களும் மயில்களும் மேய்ந்தன. அழகாகத்தான் இருந்தது, அதை மறைப்பது எமக்கு அழகன்று. காரி நங்கை மண்டியிட்டு அதன் ஓரத்தைத் தூக்கினாள். பின்பக்கம் முழுவதும் தடித்த துணி வைத்துத் தைத்திருந்தது. நான்கு மூலைகளிலும் நும் முத்திரை அரக்கில் பதிந்திருந்தது. கம்பளத்துக்கு எதற்கு உட்சட்டை என்று அவள் கேட்டாள். மலைக்குளிருக்காக என்று நும் தூதுவர் சொன்னார். ஒரு விரற்கடை தையலைப் பிரித்துப் பார்க்க ஒப்புதல் வேண்டினாள். மன்னர் முத்திரையைப் பிரிக்கும் விரல் மன்னர் மேனியைத் தொட்ட விரலாகும் என்று பாழி ஆதன் வாளின் பிடியில் கை வைத்தார். அவள் எழுந்து கும்பிட்டு விலகினாள். மதிப்போலையில் கம்பளத்தின் நீளம், அகலம், நிறம் எல்லாம் எழுதி, விலைக்குரிய இடத்தில் மட்டும் பின்பக்கம் காணப்படவில்லை என்று எழுதி வைத்தாள்.

நும் தூதுவர் அதைத் தம் தலைமேல் உமிழ்ந்ததாக எண்ணிக்கொண்டார். மறுநாள் நண்பகல் அவையில், கடற்கரைக்காரர்க்குப் பாய் தெரியும், கம்பளம் தெரியுமோ என்று உரக்கக் கேட்டார். அவையோர் முகம் சிவந்தனர். காரி நங்கை சிவக்கவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன் என்று அரசரிடம் இசைவு பெற்று, விரிப்புச்சாலையிலிருந்து ஆறு விரிப்புகளைக் கொணர்ந்து ஒன்றன் பக்கம் ஒன்றாக விரித்தாள். நும் ஓலையில் பாய்களோடு வைத்து விலை பேசினாள் என்று குறித்தது இதைத்தான். நீவிர் நேரில் கேளாததால் அவள் சொன்னதை இங்கே தருகிறோம். கேட்டால் நும் பண்டாரத்துக்கும் உதவும்.

ஓராள் படுக்கும் அளவுக்கு விலை வைத்துப் பேசினாள். கோரைப்பாய் அரைப் பணம், ஓராண்டு உழைக்கும். வெயிற்காலத்தில் அதற்கு மேல் சுகம் அரசருக்கும் இல்லை என்றபோது அரசர் தலையசைத்தார். நூற்சமுக்காளம் மூன்று பணம், ஆறு ஆண்டு தாங்கும். ஆக ஆண்டுக்கு அதுவும் அரைப் பணமே, பாயை விடத் துவைக்க எளிது. முடிச்சில்லாமல் தறியில் நெய்த கம்பளி இருபது பணம், இருபது ஆண்டு. கட்டிய வீட்டுக்கு அதுவே போதும், வீம்புக்காரர்தாம் அதற்கு மேல் போவார் என்றாள். முடிச்சிட்ட ஆட்டுமயிர்க் கம்பளம் இருநூற்றைம்பது பணம். விலையைக் கேட்டு எங்கள் பண்டாரத் தலைவர் இருமினார். ஆனால் அது நூறாண்டு கிடக்கும், ஆண்டுக்கு இரண்டரைப் பணந்தான், பேரனும் அதில் உட்காருவான் என்று அவரைத் தேற்றினாள். பட்டு முடிச்சு இரண்டாயிரம் பணம். மிதிக்க அஞ்சும் விரிப்பை விரிப்பென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, ஆதலால் அதைச் சுருட்டி வைத்துவிட்டாள்.

ஆறாவதாக ஒரு துண்டை எடுத்தாள். கோணித்துணியில் ஆட்டுமயிரைக் குத்திப் பசையால் ஒட்டி, பசை தெரியாதபடி பின்னே துணி தைத்தது. கடல் வணிகர் கொண்டுவந்து கல்யாண வீட்டுக்காரரிடம் விற்பது. மூன்று நாள் பந்தலுக்கு அழகு. பதினைந்து பணம், மூன்று ஆண்டு உழைத்தால் புண்ணியம். ஆண்டுக்கு ஐந்து பணமாகிறது, முடிச்சுக் கம்பளத்தைப் போல் இருமடங்கு. கையில் காசு குறைவாக உள்ளவன்தான் இதை வாங்கி அதிகம் கொடுக்கிறான் என்று அவள் சொன்னபோது அவள் குரலில் இருந்த கோபம் அவையோர் எல்லாரும் அறிந்தது. நும் கம்பளம் இந்த வரிசையில் எங்கே என்று பாழி ஆதன் கேட்டார். பின்பக்கம் பாராமல் இடம் சொல்ல மாட்டேன் என்று அவள் நின்றாள்.

அப்போது நும் தூதுவர் நும் பெயர்மேலும் நும் மக்கள் பெயர்மேலும் ஆணையிட்டு, முழுவதும் முடிச்சு என்று சொன்னார். விருந்தினர் ஆணையைச் சோதிப்பது எம் நாட்டில் வழக்கமில்லை. அரசர் போதும் என்று கையமர்த்தினார். காரி நங்கை விரிப்புகளைச் சுருட்டினாள்.

இங்கே எம் வழக்கம் ஒன்றை நுமக்குச் சொல்ல வேண்டும். நும் நெசவாளர் இதை அறிந்திருந்தால் வேறு பசை தேடியிருப்பர். தாழைநாட்டில் எந்தப் புது விரிப்பும் அரசர் ஈரடி வைத்த பின்னரே ஏற்கப்பட்டதாகும். விடிந்ததும் அரசர் கடலாடி, உடல் துவட்டாமல், வெறுங்காலோடு மண்டபம் புகுந்து, விரிப்பின்மேல் நடந்து அரியணை ஏறுவார். ஈரம் காயும்வரை அவையோர் நிற்பர். காய்ந்ததும் அமர்வர். நூறாண்டாய் இதுவே நடக்கிறது. இதில் எவரும் எதையும் ஊற்றுவதில்லை. கடல் நீர் அரசர் திருமேனியிலிருந்து தானே வடிவது.

வைகாசி முதல் நாள் அரசர் நடந்தார். முதல் ஐந்து காலடியில் ஒன்றும் தோன்றவில்லை. ஆறாவதில் மானின் காது அரசர் குதிகாலோடு வந்தது. அவர் காலை உதறினார், உதறிய காலில் மயிலின் கழுத்தும் ஏறிக்கொண்டது. பதினேழாம் காலடியில் அரியணைப் படியை அடைந்தபோது எம் பெருமானின் இரு பாதமும் கணுக்கால்வரை சிவந்த மயிர் முளைத்து நின்றன. பின்னால் கம்பளத்தில், பிந்தி ஊறிக் கழன்ற முதல் ஐந்தும் சேர்த்து, பதினேழு வழுக்கை. ஒவ்வொன்றிலும் கோணி பல்லிளித்தது. கடைசி வரிசையில் நின்ற சங்கூதுவோன் சிரிப்பை அடக்க மாட்டாமல் சங்கை வாயில் வைத்து ஊதிவிட்டான். எம் அரசர் அரியணையில் அமர்ந்து தம் பாதத்தை நோக்கியிருந்தார். அவர் அவ்வளவு அவமானப்பட்டு யாமும் கண்டதில்லை, எம் தந்தையரும் கண்டதில்லை.

நும் தூதுவர்க்கு நா எழ நேரமாகவில்லை. இரவோடிரவாகக் காரி நங்கை கொதிநீர் ஊற்றிவிட்டாள் என்று கூவினார். அரசர் தம் இடைவாளை உருவி அவளிடம் நீட்டி, தாம் மிதியாத, உலர்ந்த மூலை ஒன்றைப் பிரிக்கச் சொன்னார். நும் முத்திரை இருந்த மூலை அது. அவள் பிரித்தாள். உள்ளே ஒரு முடிச்சும் இல்லை. கோணியும், மரப்பிசினும், மயிலுக்கு இங்கே கழுத்து, மானுக்கு இங்கே வால் என்று ஒட்டுவோர்க்காகக் கரியால் வரைந்த கோடுகளும் இருந்தன. ஐந்து திங்களில் ஒட்டிய வேலை என்று அவள் கணித்தாள். முடிச்சிட்டிருந்தால் மூன்று ஆண்டு ஆகியிருக்கும். பத்துப் பணம் ஒரு பொன்னாக, நாற்பத்தெட்டு ஆள் படுக்கும் அதன் முழு விலை எழுபத்திரண்டு பொன். நீவிர் கேட்டது ஆயிரத்து இருநூறு. அதையும் அது உழைத்த காலத்துக்குப் பங்கிட்டால், எம் அரசரின் காலடி ஒன்றுக்கு எழுபது பொன் கேட்டிருக்கிறீர். எம் காலடிகளை இவ்வளவு உயர்வாக மதித்தவர் இதற்குமுன் இலர்.

இதன்பின் நடந்ததை நும் தூதுவர் நுமக்குச் சொல்லி விடுத்திருக்க மாட்டார். அவளைப் புகழ்ந்து பொற்பூ வழங்க அரசர் எழுந்தபோது அவள் வாங்க மறுத்தாள். தரையில் விழுந்து வணங்கி, தன் வலக்கையை முன்னே நீட்டி வைத்துச் சொன்னாள்: “கிழிக்க வேண்டிய அன்று இந்தக் கை கும்பிட்டு நின்றது, பெருமானே. உங்கள் பாதத்தில் ஒட்டியது அவர்கள் பசை மட்டுமன்று, என் அச்சமும்தான்.” இவ்வரியில் எழுத்தாணி ஒருமுறை நின்றமையால் ஓலையில் சிறு துளை காணப்படும். அதைப் பிழையென்று கொள்ளற்க.

அரசர் அவளைத் தண்டிக்கவில்லை. நும் தூதுவரையும் தண்டிக்கவில்லை, ஓரறையில் இருத்திச் சோறிட்டார். நும்மிடமிருந்து ஒரு வருத்தச் சொல் வரும் என்று நாற்பது நாள் காத்திருந்தோம். நும் தூதுவர் சொல்லி விடுத்த ஆள் ஒருவன் கள்ளமாய் மலையேறிச் சொன்னதைக் கேட்டு, அவள் கையைக் கேட்டு ஓலை வந்தது.

அவ்வோலை படிக்கப்பட்டபோது அவள் அவையில் இருந்தாள். எம் அவையிலும் அஞ்சுவோர் உண்டு, அதை மறைக்கவில்லை. பண்டாரத் தலைவர் எழுந்து, இரண்டாயிரம் வேலை எதிர்க்க ஆகும் பொன் இவ்வளவு, ஒரு கண்காணியின் கைக்கு ஈடாக அவள் வாழ்நாள் முழுதும் நெல்லும் நிலமும் தந்தால் ஆகும் பொன் இவ்வளவு, இரண்டையும் ஒப்பிட்டால் கை மலிவு என்றார். அவர் கெட்டவரல்லர், கூட்டிக் கழித்தே பழகியவர். எவரும் அவரை மறுக்கவில்லை. அவள் தன் வலக்கையை இடக்கையால் பற்றிக்கொண்டாள். இருபத்திரண்டு ஆண்டு அவள் விலை சொல்லக் கேட்ட அவை, அன்று அவளுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தது.

எம் அரசர் அவளை அழைத்து, இந்நாட்டில் மதிப்பிடுபவள் நீ, உன் கைக்கு நீயே விலை சொல் என்றார். பலருக்கு அது கொடுமையாகப் பட்டது. அவள் பற்றியிருந்த கையை விட்டு நிமிர்ந்தாள். பிறகு, “பின்பக்கம் பாராமல் நான் விலை எழுதுவதில்லை, பெருமானே. என் கையை அப்புறம் பார்ப்போம். முதலில் அவர்கள் ஓலையைப் புரட்டுங்கள்,” என்றாள்.

புரட்டினோம். நும் ஓலையின் முன்பக்கம் இரண்டாயிரம் வேல் நின்றது. பின்பக்கத்துக்குக் கணவாயில் ஏறியிறங்கும் வணிகரை வரவழைத்துக் கேட்டோம். நும் களஞ்சியத்து உப்பு ஆவணி தாண்டாது என்றார்கள். கணவாயை அடைத்தால் உப்பில்லாமல் போவது யார் என்று அவையில் ஒருவர் கேட்டபோது, பண்டாரத் தலைவரே முதலில் சிரித்தார். மழை இறங்கிவிட்ட மலையில் வேலோடு வருபவன் வழுக்காமல் வருவது எப்படி என்றும் வணிகர் கேட்டார்கள். கம்பளம் நெய்ய வேண்டிய மூன்று ஆண்டில், ஒட்டிய ஐந்து திங்கள் போக மற்றெல்லாம் நும் நெசவாளர் கோட்டைச் சுவரில் கல் சுமந்தார்கள், கூலியும் பெறவில்லை என்ற செய்தியும் வந்தது. அவர்மேல் எமக்குச் சினமில்லை. ஆக, நும் மிரட்டலையும் காரி நங்கை முறைப்படி வருடிப் பார்த்து மதிப்பிட்டாள்: முடிச்சில்லை, ஒட்டு வேலை, ஈரம் பட்டால் நில்லாது. நாட்டின் உயிர்நாடியை அயலான் உப்பில் வைத்துக்கொண்டு, அவனிடமே கையை உப்பிலிட்டு அனுப்பென்று கேட்கும் துணிவை மட்டும் அவளால் மதிப்பிட முடியவில்லை. அப்படியொரு சரக்கை அவள் இதற்குமுன் கண்டதில்லையாம்.

ஆகவே கோ நெடுவெயினர் கட்டளையிட்டருளியவை வருமாறு. குமிழித்துறையிலிருந்து மலைக்கு உப்பு இன்றோடு நின்றது. சென்ற ஆண்டு உப்பின் விலை நானூறு பொன். பொன்னாய் வரலாம், அன்றி முடிச்சிட்ட கம்பளமாய் வரலாம். கம்பளமாயின் பின்பக்கம் துணியின்றி வருக. நெய்வோர்க்குக் கூலி கொடுக்கப்பட்டது என்று அவர்கள் கையால் எழுதிய ஓலையும் உடன் வருக. அது வந்த அன்றே உப்பு வண்டி மலையேறும், எம் சொல்லில் உட்சட்டை கிடையாது. நும் பசைக் கம்பளத்தைப் பதினேழு வழுக்கையோடும் அதே எட்டெருது வண்டியில் திருப்பி விடுத்துள்ளோம். எம் அரசர் பாதத்திலிருந்து எடுத்த மயிரைத் தனியே முடிந்து வைத்திருக்கிறது, ஓரிழை குறைந்தாலும் தெரிவிக்க. பாழி ஆதனை நலமே அனுப்புகிறோம். வண்டியில் அவர் அமரக் கோரைப்பாய் ஒன்று கொடுத்திருக்கிறது. அதன் விலை அரைப் பணம், நும்மிடம் கேட்கப் போவதில்லை.

வேலோடு வருவதாயின் வருக. வாயிலில் நுமக்கும் ஈரடி உண்டு, கடல் அருகில்தான்.

நீவிர் கேட்ட வலக்கையும் இவ்வோலையோடு நும்மிடம் வருகிறது. அதை வண்டியிலோ பெட்டியிலோ தேட வேண்டா. ஓலையைக் கடைசி எழுத்துவரை படிக்க.

நும் மலை நிலைக்க, நும் சொல்லும் ஒருநாள் நிலைக்க. ஆனித் திங்கள் பதினான்காம் நாள், சங்குதுறை அரியணை மண்டபத்தில், பாய் விரித்த தரையில் அமர்ந்து அரசர் மொழிய, அமைச்சன் மருதங்கிழான் சேந்தன் தொகுக்க, இரட்டைச் சுறா முத்திரை இட்டு முடித்தது.

இவ்வோலையை முதலெழுத்திலிருந்து இவ்வெழுத்துவரை எழுதியது, விரிப்புச்சாலைக் கண்காணி காரி நங்கையின் வலக்கை.